மலை ஏறும் இரண்டு வழிகள்: மவுண்ட் வில்சனும் தீத்தடுப்புக் கோடுகளும்

லாஸ் ஏஞ்சல்ஸ் என்றதும் எல்லோருக்கும் ஹாலிவுட்தான் நினைவுக்கு வரும். அந்த நகரத்தின் வடக்கே சுவர் போல நிற்கும் சான் கேப்ரியல் மலைத்தொடரைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அதன் உயர்ந்த சிகரமான சான் அன்டோனியோ 10,000 அடிக்குச் சற்று அதிகம். நகரத்துக்கு முன்வரிசையில் நிற்கும் மவுண்ட் வில்சன் சுமார் 5,700 அடி. அடிவாரத்தில் சியரா மாட்ரே என்ற சிற்றூரில் தொடங்கினால் சுமார் 7 மைல் நடந்து உச்சிக்குப் போய்விடலாம். ஏற்றம் மட்டும் 4,500 அடிக்கு மேல்!

இந்த மலைகளில் நடப்பவர்கள் இரண்டு வகையான வழிகளில் கால் வைக்கிறார்கள். ஒன்று, வளைந்து வளைந்து மெல்ல ஏறும் ஒற்றையடிப் பாதை. மற்றொன்று, மலை முகட்டின் மேலேயே வளைவு எதுவும் இல்லாமல் நேராக ஏறும் அகலமான வெற்றுத் தரை. இரண்டாவதைத்தான் ஃபயர்பிரேக் என்கிறார்கள். நம் ஊர் வனத்துறை தீத்தடுப்புக் கோடு என்று சொல்வதும் இதைத்தான். காட்டுத் தீ ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாண்டாமல் இருக்கப் புதரையும் புல்லையும் வேரோடு வெட்டி எடுத்து, வெறும் மண் தெரியும்படி வைக்கும் பட்டை அது.

பாதையைப் போட்டவர்கள் மலைக்கு மேலே போக நினைத்தவர்கள். கோட்டை வெட்டியவர்கள் தீ பரவக்கூடாது என்று நினைத்தவர்கள். இன்றைக்கு நடப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி "வழி"யாகத் தெரியலாம். ஆனால் இரண்டின் வரலாறும் வேறு வேறு. அதைத் தெரிந்துகொண்டால் மனிதர்கள் அந்த மலையிடம் என்னவெல்லாம் எதிர்பார்த்தார்கள் என்பதும், மலை அவர்களுக்கு என்ன பதில் சொன்னது என்பதும் புரியும்.

பாதை பிறந்த கதை

இந்த மலைகளின் முதல் நடையர்கள் டோங்வா பழங்குடி மக்கள். 1771ல் ஸ்பானியப் பாதிரியார்கள் சான் கேப்ரியல் மிஷனை நிறுவிய பிறகு இவர்களுக்கு 'கேப்ரியலினோ' என்றும் பெயர் வந்தது. வேட்டைக்கும், காய் கனி சேகரிக்கவும், மலைக்கு அப்பால் இருந்தவர்களோடு பண்டமாற்று செய்யவும் அவர்கள் நடந்து நடந்து உண்டான தடங்கள்தான் பிற்காலப் பாதைகள் பலவற்றுக்கு அடிப்படை.

1864ல் பெஞ்சமின் டேவிஸ் வில்சன் என்ற பண்ணையார் இப்படிப்பட்ட ஒரு பழைய தடத்தைச் செப்பனிட்டு உச்சி வரை கொண்டுபோனார். இவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் மேயராக இருந்தவர். (இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற ஜெனரல் பேட்டன் இவருடைய பேரன்!) மலையின் அழகைப் பார்க்க அவர் ஏறவில்லை. திராட்சைத் தோட்டம் வைத்திருந்தவருக்கு ஒயின் பீப்பாய்க்கும் வேலிக்கும் மரம் வேண்டியிருந்தது. மேலே போய்ப் பார்த்தால் அந்த மரம் அவர் நினைத்த வேலைக்கு உதவவில்லை. சீக்கிரமே திட்டத்தைக் கைவிட்டுவிட்டார். மரம் கிடைக்கவில்லை, ஆனால் மலைக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது.

அடுத்து வந்தவர்கள் வானத்தைப் பார்க்க விரும்பியவர்கள். 1889ல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் உச்சியில் ஒரு தொலைநோக்கியைக் கொண்டுபோய் வைத்தது. அது நீண்ட நாள் நிலைக்கவில்லை. 1891ல் ஆல்டடீனா பக்கத்திலிருந்து ஒரு சுங்கச் சாலை திறக்கப்பட்டது. சாலை என்றால் கார் போகும் சாலை அல்ல. காசு கொடுத்துவிட்டு நடந்தோ குதிரையிலோ போகும் சற்று அகலமான மலைப்பாதை.

1904ல் ஜார்ஜ் எல்லரி ஹேல் என்ற வானியலாளர் கார்னெகி நிறுவனத்தின் உதவியோடு இங்கே ஆய்வகத்தைத் தொடங்கினார். 60 அங்குலத் தொலைநோக்கியின் பாகங்களை ஏற்றுவதற்காகவே 1907ல் சுங்கச் சாலை அகலப்படுத்தப்பட்டது. அந்தத் தொலைநோக்கி 1908 டிசம்பரிலும், 100 அங்குல ஹூக்கர் தொலைநோக்கி 1917 நவம்பரிலும் செயல்படத் தொடங்கின. ஹூக்கரின் கண்ணாடி மட்டும் சுமார் நாலரை டன். அதை ஒரு கீறல் இல்லாமல் அந்த மலைச் சாலையில் ஏற்றியிருக்கிறார்கள் என்றால் யோசித்துப் பாருங்கள்!

இந்தப் பாதை ஒரு மனிதரின் தலையெழுத்தையே மாற்றியது. மில்டன் ஹூமசன் பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். மலை மேல் ஆய்வகம் கட்டும் காலத்தில் கோவேறு கழுதைகளை ஓட்டிச் சாமான் ஏற்றும் வேலை பார்த்தார். 1917ல் ஆய்வகத்தில் துப்புரவு, காவல் வேலைக்குச் சேர்ந்தார். இரவில் வானியலாளர்களுக்கு உதவியாக நின்றே தொழிலைக் கற்றுக்கொண்டார். அவருடைய திறமையைப் பார்த்த ஹேல் 1919ல் அவரை ஆய்வாளர் பணியிலேயே சேர்த்துக்கொண்டார். பிற்பாடு எட்வின் ஹபிள் பிரபஞ்சம் விரிவடைகிறது என்பதற்கான ஆதாரங்களைத் திரட்டியபோது, தொலைதூர விண்மீன் மண்டலங்களின் ஒளியைப் பல இரவுகள் விழித்திருந்து படம் பிடித்துக் கொடுத்தவர் இந்த ஹூமசன்தான். 1950ல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. கழுதை ஓட்டிய பாதை அவரை எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்.

நடைக்காரர்களின் காலம்

1890களின் நடுவிலிருந்து 1938 வரையான காலத்தை இந்த மலைகளின் "மாபெரும் நடைக் காலம்" என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். கார் இன்னும் சாமானியர் கைக்கு வராத காலம் அது. 1906ல் சியரா மாட்ரே வரை மின்சார ரயில் வந்துவிட்டது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயிலில் ஏறி, அடிவாரத்தில் இறங்கி, இருட்டில் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். வழியில் தங்குவதற்கு விடுதிகள். ஸ்விட்ஸர் முகாம் 1884லேயே வந்துவிட்டது, ஸ்டர்டவன்ட் முகாம் 1893ல். இங்கெல்லாம் அரிசி, மாவு, கட்டில் எல்லாமே கழுதை முதுகில்தான் போயாக வேண்டும்.

நடக்க முடியாதவர்களுக்கும் வழி இருந்தது. தாடியஸ் லோ என்பவர் 1893ல் மலை ரயில் ஒன்றையே தொடங்கினார். எக்கோ மவுண்டன் என்ற முகட்டில் பெரிய ஹோட்டல் கட்டப்பட்டது. அது 1900ல் எரிந்துபோனது. ரயில் பாதையின் கடைசியில் இருந்த விடுதி 1936ல் எரிந்தது. மிச்சமிருந்த தண்டவாளத்தை 1938 வெள்ளம் பாழாக்கியதும் எல்லாம் முடிந்தது. இன்றைக்கு அங்கே நடந்து போகிறவர்கள் பார்ப்பது கல் படிக்கட்டுகளையும் துருப்பிடித்த சக்கரங்களையும்தான்.

தீயும் வெள்ளமும் மாறி மாறி வருவதைக் கவனித்தீர்களா? அது தற்செயல் அல்ல.

தீ ஏன், வெள்ளம் ஏன்?

இந்த மலைச்சரிவுகளை மூடியிருப்பது உயரமான மரக்காடு அல்ல. 'சப்பரல்' என்று சொல்லப்படும் ஆளுயரப் புதர்க்காடு. கோடையில் மே முதல் அக்டோபர் வரை மழை அநேகமாக இருக்காது. புதர்கள் காய்ந்து கிடக்கும். சில செடிகளின் இலையிலேயே எளிதில் பற்றும் எண்ணெய்ப் பசை உண்டு. இலையுதிர் காலம் வந்ததும் உள்நாட்டுப் பாலைவனத்திலிருந்து கடலை நோக்கி வறண்ட காற்று வீசும். அதற்கு 'சான்டா ஆனா' என்று பெயர். அந்த நேரத்தில் ஒரு பொறி விழுந்தால் போதும்.

தீ முடிந்ததும் ஆபத்து முடிவதில்லை. எரியும் செடிகளிலிருந்து வரும் மெழுகு போன்ற ஆவி மண்ணுக்குள் இறங்கி, தண்ணீரை உறிஞ்சாத ஒரு படலமாகப் படிந்துவிடும். மண்ணைப் பிடித்துக்கொள்ள வேர்களும் இல்லை. அடுத்த குளிர்கால மழையில் தண்ணீர் அப்படியே வழிந்து, சேற்றையும் பாறைகளையும் இழுத்துக்கொண்டு கீழே வரும்.

இதை அடிவாரத்து விவசாயிகள் நன்றாகவே உணர்ந்திருந்தார்கள். அவர்களுடைய ஆரஞ்சுத் தோட்டங்களுக்குத் தண்ணீர் கொடுத்தது இந்த மலைதான். மலை எரிந்தால் மழைக்காலத்தில் வெள்ளம், கோடையில் வறட்சி. அபட் கின்னி போன்றவர்கள் 1880களிலிருந்தே மலையைக் காப்பாற்ற வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள். அதன் விளைவாக 1892 டிசம்பர் 20ல் குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் சுமார் 5.5 லட்சம் ஏக்கரைப் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவித்தார். கலிஃபோர்னியாவின் முதல் வனக் காப்பகம் அதுதான். 1908ல் அதற்கு ஏஞ்சலஸ் தேசிய வனம் என்று பெயர் வந்தது.

மரத்துக்காக இல்லாமல் தண்ணீருக்காகப் பாதுகாக்கப்பட்ட காடு இது. அப்படியானால் வனக் காவலர்களின் முதல் எதிரி யார்? மரம் வெட்டும் திருடன் அல்ல, தீ!

இங்கே ஒரு பழைய விஷயத்தையும் சொல்ல வேண்டும். பழங்குடி மக்கள் வேட்டைக்கும் விதை தரும் புற்கள் செழிக்கவும் ஆங்காங்கே நிலத்தைக் கொளுத்துவது வழக்கம். 1793ல் ஸ்பானிய ஆளுநர் அர்ரியாகா அதைத் தடை செய்து ஆணை பிறப்பித்தார். தீயைத் தேவைக்கு அளவாகப் பயன்படுத்திய மக்களிடமிருந்து தீ பறிக்கப்பட்டது. நூறு ஆண்டு கழித்து வந்த வனத்துறையும் தீயே கூடாது என்ற கொள்கையோடுதான் வந்தது.

கோடு வெட்டியவர்கள்

1900களின் தொடக்கத்திலிருந்தே ரேஞ்சர்கள் முகடுகளில் தீத்தடுப்புக் கோடுகளை வெட்டத் தொடங்கினார்கள். ஏன் முகட்டில்? தீ சரிவில் மேல் நோக்கி வேகமாக ஓடும். மேலே இருக்கும் புதரை முன்கூட்டியே சூடாக்கிக் காயவைத்துக்கொண்டே ஏறும். முகட்டை எட்டியதும் வேகம் குறையும். அங்கே எரிவதற்கு எதுவும் இல்லாவிட்டால் நிறுத்துவதற்கு ஒரு வாய்ப்பு உண்டு. அதனால்தான் தீத்தடுப்புக் கோடு வளைவதில்லை. முகடு எப்படி ஏறி இறங்குகிறதோ அப்படியே அதுவும் ஏறி இறங்கும்.

நடப்பவரின் முழங்காலுக்கு இந்த வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். பாதையின் சாய்வு, சுமை தூக்கும் கழுதையால் எவ்வளவு ஏற முடியும் என்பதைக் கணக்கிட்டுப் போடப்பட்டது. அதனால்தான் அத்தனை கொண்டை ஊசி வளைவுகள். தீத்தடுப்புக் கோட்டுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அது யாரும் நடப்பதற்காகப் போடப்பட்டதே அல்ல! சியரா மாட்ரேக்கு மேலே உள்ள ஜோன்ஸ் சிகரம் (சுமார் 3,375 அடி) போன்ற இடங்களில் பாதையில் வந்து, கடைசியில் முகட்டில் ஏறுபவர்கள் சரளைக் கல்லில் வழுக்கிக்கொண்டே இந்தப் பாடத்தைப் படிக்கிறார்கள்.

கோடு வெட்டும் கருவிகளுக்கும் வரலாறு உண்டு. ஒரு பக்கம் மண்வெட்டி, மறுபக்கம் பெரிய பற்கள் கொண்ட வாரி. இது 1905ல் கலிஃபோர்னியாவின் ரேஞ்சர் மால்கம் மெக்லியாட் செய்தது. ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் கொத்து கொண்டது 'புலாஸ்கி'. 1910ல் ஐடஹோ, மொன்டானா பகுதிகளில் இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்த பெருந்தீயில், தன் ஆட்களில் பெரும்பாலோரைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய்க் காப்பாற்றிய ரேஞ்சர் எட் புலாஸ்கியின் பெயர் அதற்கு. அந்தத் தீயில் 80க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு எல்லாத் தீயையும் அணைத்தே தீர வேண்டும் என்பது அமெரிக்க வனத்துறையின் கொள்கையானது. 1935ல் அது விதியாகவே வந்தது: தீ கண்ணில் பட்டால் மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுப்படுத்த வேண்டும்.

இந்த விதியை நிறைவேற்ற ஆள் வேண்டுமே? பொருளாதாரப் பெருமந்தம் ஆள் கொடுத்தது. 1933ல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் வேலையில்லாத இளைஞர்களுக்காக 'சிவிலியன் கன்சர்வேஷன் கோர்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். மாதம் 30 டாலர் சம்பளம். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். சாப்பாடு, உடை, தங்குமிடம் இலவசம். 1942 வரை நடந்த இந்தத் திட்டத்தில் கலிஃபோர்னியா மலைகளில் பாதைகளும் தீத்தடுப்புக் கோடுகளும் ஏராளமாக வெட்டப்பட்டன. சியரா நெவாடா அடிவாரத்தில் பல நூறு மைல் நீளத்துக்கு 'பாண்டரோசா வே' என்ற ஒரே கோட்டை வெட்டும் முயற்சி கூட நடந்தது. வீட்டில் அடுப்பெரிய 25 டாலர் அனுப்பிய பையன்கள்தான் காட்டில் தீ எரியாமலிருக்க மண்ணை வெட்டினார்கள்.

இதே 1933ல் நடந்த ஒரு கோரத்தையும் மறக்க முடியாது. சான் கேப்ரியல் மலைகளுக்கு எதிரே, நகரத்துக்குள்ளேயே இருக்கும் கிரிஃபித் பூங்காவில் ஆயிரக்கணக்கான வேலையற்ற தொழிலாளர்கள் நிவாரணப் பணியாகப் புதர் வெட்டிக்கொண்டும் பாதை போட்டுக்கொண்டும் இருந்தார்கள். அக்டோபர் 3ல் அங்கே தீப்பிடித்தது. அணைக்கச் சொல்லி அவர்களைப் பள்ளத்தாக்குக்குள் அனுப்பினார்கள். அவர்களுக்கும் பயிற்சி இல்லை, மேஸ்திரிகளுக்கும் அனுபவம் இல்லை. காற்று திரும்பியது. 29 பேர் மாண்டார்கள். எரிந்த பரப்பு எவ்வளவு தெரியுமா? சுமார் 47 ஏக்கர்தான்!

மூன்று மாதம் கூட ஆகவில்லை. நவம்பரில் லா கிரெசென்டா பள்ளத்தாக்குக்கு மேலே சரிவுகள் எரிந்திருந்தன. 1934 புத்தாண்டு நள்ளிரவில் பெருமழையில் அந்தச் சரிவு சேறாகக் கீழே வந்தது. நூற்றுக்கணக்கான வீடுகள் அழிந்தன, குறைந்தது 40 பேர் இறந்தார்கள். பாதுகாப்பு என்று நினைத்து ஒரு பொது மண்டபத்தில் ஒதுங்கியவர்களும் அதில் அடக்கம். தண்ணீருக்காக மலையைக் காக்க வேண்டும் என்று 1880களில் சொன்னவர்கள் பயந்தது இதைத்தான்.

புல்டோசர் காலம்

இரண்டாம் உலகப் போரில் இளைஞர்கள் போர்முனைக்குப் போன பிறகு கோடு வெட்டும் வேலைக்குச் சிறைக் கைதிகள் வந்தார்கள். 1946ல் கலிஃபோர்னியாவில் கைதிகளுக்கான முதல் நிரந்தர வனப்பணி முகாம் திறக்கப்பட்டது. அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் எரிந்தபோதும் ஆயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில் கைதிகள் தீயோடு போராடினார்கள். போருக்குப் பின் புல்டோசர்களும் முகடுகளுக்கு ஏறின. மனிதர்கள் பல நாள் வெட்டும் கோட்டை ஒரு இயந்திரம் ஒரே நாளில் போட்டுவிடும். இன்றைக்கு நடைக்காரர்கள் பார்க்கும் அகலமான வடுக்கள் பல இந்த இயந்திரங்கள் போட்டவை.

ஆனால் இயந்திரம் போக முடியாத இடத்தில் கையால்தான் வெட்டியாக வேண்டும். 1966 நவம்பர் 1ல் ஏஞ்சலஸ் வனத்தின் மேற்குப் பகுதியில் 'லூப் தீ' என்று பெயரிடப்பட்ட தீயை அணைக்க எல் கரிசோ குழு போனது. மேலிருந்து கீழ் நோக்கி ஒரு குறுகலான ஓடை வழியாகக் கோடு வெட்டிக்கொண்டே இறங்கினார்கள். கீழே இருந்த தீ திடீரென்று பொங்கி, புகைபோக்கியில் ஏறுவது போல அந்த ஓடை வழியாக மேலே பாய்ந்தது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மொத்தம் 12 இளைஞர்கள் உயிரிழந்தார்கள். மேலிருந்து கீழே கோடு வெட்டுவதற்கு இன்று கடைப்பிடிக்கப்படும் கடுமையான விதிகள் அந்தச் சாவுகளுக்குப் பிறகு எழுதப்பட்டவை.

கோடு தீயை நிறுத்தியதா?

இத்தனை உழைப்புக்கும் உயிருக்கும் பிறகு கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பதில், "சில நேரம்."

காற்று இல்லாத நாளில், கோட்டில் ஆட்கள் நின்றால், அது உதவுகிறது. எதிர்த்தீ வைக்க, வண்டி நிறுத்த, தப்பிக்க அது ஒரு இடம். தெற்குக் கலிஃபோர்னியாவின் நான்கு தேசிய வனங்களை ஆராய்ந்து 2011ல் வெளியான ஆய்வும் இதையே சொன்னது. கோட்டால் மட்டும் தீ நிற்பதில்லை. அந்தக் கோட்டுக்கு வீரர்கள் போய்ச் சேர முடிந்ததா என்பதுதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்தது.

சான்டா ஆனா காற்று வீசும் நாளிலோ கங்குகள் கோட்டுக்கு மேலே பறந்து வெகுதூரம் தள்ளி விழுகின்றன. 100 அடி அகல மண் பட்டை அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. 2025 ஜனவரி 7ல் மவுண்ட் வில்சனுக்குக் கீழே ஈட்டன் பள்ளத்தாக்கில் தொடங்கிய தீ இதற்குச் சாட்சி. அது எரித்தது 14,000 ஏக்கர்தான். ஆனால் ஆல்டடீனா பகுதியில் 9,000க்கும் அதிகமான கட்டடங்கள் அழிந்தன, குறைந்தது 18 பேர் இறந்தார்கள். கங்குகள் வீட்டிலிருந்து வீட்டுக்குத் தாவின. பழைய சுங்கச் சாலை தொடங்கும் அதே ஊர்தான் அது.

இன்னொரு சிக்கலும் உண்டு. புதரை எடுத்த இடத்தில் எப்போதும் வெறும் மண் இருந்துவிடாது. பராமரிக்காவிட்டால் அயல்நாட்டுப் புற்கள் அங்கே குடியேறும். அவை சீக்கிரம் காய்ந்து, சப்பரலை விட எளிதாகப் பற்றிக்கொள்ளும். அதாவது தீயைத் தடுக்க வெட்டிய கோடே சில இடங்களில் தீக்குத் திரியாக மாறிவிடுகிறது. சப்பரல் எரிந்தாலும் வேரிலிருந்தும் விதையிலிருந்தும் மீண்டும் முளைக்கும். ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிந்துகொண்டே இருந்தால் அதற்கும் சக்தி இல்லை, புல்தான் மிஞ்சும்.

மலை உச்சியில் இருக்கும் ஆய்வகத்தின் கதை வேறு விதம். 2009 ஆகஸ்ட் 26ல் யாரோ வேண்டுமென்றே வைத்த 'ஸ்டேஷன் தீ' 1,60,000 ஏக்கரை எரித்தது. ஒரு கைதிகள் முகாமில் சிக்கியிருந்தவர்களுக்குத் தப்பிக்க வழி தேடிப் போன இரண்டு தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். 2020ல் 'பாப்காட் தீ' ஆய்வகத்துக்கு சுமார் 500 அடி தூரம் வரை வந்துவிட்டது. இரண்டு முறையும் ஆய்வகம் தப்பியது. காரணம், அங்கே நிற்க ஆட்கள் இருந்தார்கள், சுற்றிலும் வெட்டி வைத்த இடம் இருந்தது, அவர்கள் வந்து சேர ஒரு சாலையும் இருந்தது. 2011 ஆய்வு சொன்னதைத்தான் இந்த உச்சியும் காட்டுகிறது.

நடப்பவருக்கு மிஞ்சுவது

கேப்ரியலினோ என்ற பெயரில் 1970ல் தேசியப் பொழுதுபோக்குப் பாதையாக அறிவிக்கப்பட்ட ஒரு நீண்ட பாதை இந்த மலைகளில் இருக்கிறது. 2009 தீயில் அழிந்த அதன் மேற்குப் பகுதி, தன்னார்வலர்களின் கை உழைப்பால் 2018ல்தான் மீண்டும் திறந்தது. இரண்டே ஆண்டில் பாப்காட் தீ அதே பாதையின் கிழக்குப் பகுதியை எரித்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். அந்தத் தன்னார்வலர்கள் கையில் இருப்பது என்ன தெரியுமா? தீத்தடுப்புக் கோடு வெட்டுவதற்காகக் கண்டுபிடித்த அதே மெக்லியாடும் புலாஸ்கியும்தான்!

ஒரு பாதை நடக்க நடக்கத்தான் நிலைக்கும். நடப்பதை நிறுத்தினால் ஐந்தாறு ஆண்டில் புதர் அதை விழுங்கிவிடும். தீத்தடுப்புக் கோடும் அப்படித்தான், வெட்டிக்கொண்டே இருந்தால்தான் அது கோடு. இரண்டும் மனித உழைப்பை வருடா வருடம் கேட்கும் விஷயங்கள். 1930களில் அந்த உழைப்பை மாதம் 30 டாலருக்குக் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். இன்றைக்கு எந்த முகட்டைப் பராமரிப்பது, எதைக் காட்டுக்கே திருப்பிக் கொடுப்பது, ஊர்களை மலையின் எவ்வளவு பக்கத்தில் கட்டுவது என்று ஒவ்வொரு பெருந்தீக்குப் பிறகும் அங்கே விவாதம் நடக்கிறது. வீட்டுக் கூரையையும் வீட்டைச் சுற்றியுள்ள சில அடிகளையும் பாதுகாப்பது முகட்டில் இன்னொரு கோடு வெட்டுவதை விடப் பயன் தரும் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

ஆகவே மவுண்ட் வில்சனுக்கோ அதன் பக்கத்துச் சிகரங்களுக்கோ ஏறுபவர் வளைந்த பாதையில் நடக்கும்போது மரம் தேடிப் போன பண்ணையாரின் தடத்திலும், தொலைநோக்கியைச் சுமந்த கழுதைகளின் தடத்திலும் நடக்கிறார். முகட்டின் நேர்க்கோட்டில் மூச்சு வாங்க ஏறும்போதோ, வீட்டுக்கு 25 டாலர் அனுப்பிய பையன்களும், தண்டனைக் காலத்தைக் கழிக்கும் கைதிகளும் வெட்டிய மண்ணில் நடக்கிறார். முதல் வகையினரின் பெயர்கள் மலைகளுக்கும் தொலைநோக்கிகளுக்கும் வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாம் வகையினரில் பெரும்பாலோரின் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. அவர்கள் வெட்டிய கோடு மட்டும், வெயில் சாயும் நேரத்தில் கீழே நகரத்திலிருந்து பார்த்தால் கூட, முகட்டின் மேல் தெளிவாகத் தெரிகிறது.